கல்தோளன் மேலே வந்த பக்கம்

என் பழைய காமிக்ஸ் நாயகன் கல்தோளனை மறுபடியும் தூசி தட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சார், காமிக்ஸ் புத்தகம் எல்லாம் கிடைச்சிருச்சு, நாடக போட்டோ கிடைச்சிருச்சு, ஆடியோ கேசட் கூட ஒருத்தர் வச்சிருக்காரு. கேபிள் டிவி தொடர்லதான் இடிக்குது. கல்தோளன் சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கிறான், சங்கு ஊதுது, தொடரும்னு வருது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. ஆளு மேல வந்தானா இல்லையா?" என்று அந்தப் பெண் கேட்டாள். டீ ஆறிப்போகுது, குடிம்மா என்றேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தக் கேள்வியில் இருந்து நழுவும் வேலை மட்டும் இன்னும் தொடர்கிறது.

அவள் போன பிறகு எனக்கே கேவலமாக இருந்தது. அதனால் எழுதித் தந்துவிடுகிறேன். கட்டம் போடுவது, நிறம் கொடுப்பது, கேமராக் கோணம் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் கை வைக்க மாட்டேன். ஒரு நாயகனைத் தாளில் இருந்து மேடைக்கும், மேடையில் இருந்து டிவிக்கும் தூக்கிக்கொண்டு போகும்போது எதைக் கீழே போட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். போட்டவன் நான்.

நான் கோலார் தங்கவயல்காரன்தான், ஆனால் சுரங்கக் குடும்பம் இல்லை. அப்பா அங்கே இருந்த கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் இருந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். சுரங்கத் தொழிலாளிகள் இருந்தது சாம்பியன் ரீப்ஸ் பக்கம் லைன் வீடுகளில். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகள் அவை. சுரங்கத்துச் சைரனைச் சங்கு என்போம், அது இரண்டு இடத்துக்கும் கேட்கும். நீளமாக ஊதினால் ஷிஃப்ட். விட்டு விட்டு ஊதினால் கீழே விபத்து. நீளச் சங்கு கேட்டால் எங்கள் வீட்டில் கடிகாரத்தைச் சரிபார்ப்போம். விட்டு விட்டு ஊதினால் அம்மா "ஐயோ பாவம்" என்பாள், பிறகு தாளிப்பாள். லைன் வீடுகளில் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள்.

அங்கே போய் நிற்பதற்கு ஒரு முறை இருந்தது. ஆட்களை மேலே கொண்டுவரும் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். கேஜ் மேலே வந்து கதவு திறந்ததும் ஒவ்வொரு ஆளும் தலைக்கவசத்தில் இருக்கும் விளக்கைக் கழற்றி ஒருமுறை உயர்த்திக் காட்டுவான். கூட்டத்தில் இருந்து அவன் வீட்டு ஆள் கையைத் தூக்குவாள். அவ்வளவுதான். கூப்பிடுவதில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் நிற்பவளின் ஆள் இன்னும் மேலே வந்திருக்க மாட்டான் இல்லையா, அதனால்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் படம் போடும் வேலையில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கட்சி நோட்டீஸ் இதுதான் பிழைப்பு. முதலாளி ஒரு அம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகள், பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வான். பேர் வேண்டாம், ஊருக்கே அவர் பிரஸ் அக்கா. மெஷின் சும்மா கிடக்கும் நாட்களில் ஓட்டலாமே என்று அவர் ஒரு மாதக் காமிக்ஸ் தொடங்கினார். அதற்காக நான் உண்டாக்கியவன்தான் கல்தோளன். சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற தொழிலாளி. பாறை உடையப் போகிறது என்றால் அவனுக்கு முன்னாலேயே காதில் கேட்டுவிடும். ஓடிப்போய்த் தோளைக் கொடுத்து மேற்கூரையைத் தாங்குவான். கடைசி ஆள் தப்புகிற வரை நகர மாட்டான். முதுகில் ஒரு நீலப் போர்வை தொங்கும். பறக்க மாட்டான். அவ்வளவு ஆழத்தில் எங்கே போய்ப் பறப்பது.

முதல் புத்தகம் ஓடியது. இரண்டாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முழுப் பக்கத்துக்குச் சங்கை ஊதவிட்டேன். தாளை நிறைத்துப் பெரிய பெரிய எழுத்து, அடியில் 'தொடரும்'. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டும்போது பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா இது?"

"சஸ்பென்ஸ் அக்கா. அடுத்த மாசம் வரைக்கும் பசங்க துடிச்சிப் போயிடுவாங்க."

"பசங்களா துடிப்பாங்க? படிச்சிக் காட்டற அவங்க அம்மா துடிப்பா. சங்க ஊதிட்டு ஒரு மாசம் ஆளைக் கீழயே வெச்சிருப்பியா நீ? உங்க குவார்ட்டர்ஸ்ல வேணா வெச்சிக்கோ. இந்தப் பக்கம் அதெல்லாம் ஆகாது. சங்கு எந்தப் பக்கத்துல ஊதுதோ, அந்தப் பக்கத்துலயே கேஜ் மேல வரணும். புஸ்தகத்தத் திருப்பற நேரங்கூட ஆளைக் கீழ விடக் கூடாது."

"அப்புறம் சஸ்பென்ஸுக்கு நான் எங்க போவேன்?"

"அவன் ஊட்ல இன்னா கொழம்புன்னு சஸ்பென்ஸ் வையி."

கடுப்போடுதான் மாற்றி வரைந்தேன். அடுத்த மாதம் அவர் சொன்னதை அப்படியே செய்து, கல்தோளன் வீட்டு வாசலில் நின்று குழம்பு வாசனையை மோப்பம் பிடிப்பது போல முடித்தேன், அவரைக் கிண்டல் செய்வதற்காகவே. எந்தக் குழம்பு என்று கேட்டு லைன் வீடுகளில் இருந்து அச்சகத்துக்கே ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தகமும் ஒரே மாதிரித்தான் முடிந்தது: சங்கு, கேஜ், உயர்கிற விளக்கு. அந்த மூன்றும் ஒரே பக்கத்தில்.

அப்புறம் சாம்பியன் ரீப்ஸ் ஆடித் திருவிழாவில் நாடகமாகப் போடலாம் என்றார்கள். கல்தோளனாக நடிக்க ஆள் தேடியபோது தசரதன் வந்தான். அசல் சுரங்கத் தொழிலாளி. கதவுக்குள் சற்றுச் சாய்ந்து நுழைய வேண்டிய தோள். வசனம் மட்டும் வாயில் நிற்காது. நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தை "எல்லாம் போயிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். கூட்டத்துக்கு அதுதான் பிடித்தது. பாறை என்பது வைக்கோல் அடைத்த கோணிப்பை, கரித்தூள் பூசியது. சங்குக்குக் கோயிலில் ஊதுகிறவரையே பிடித்திருந்தோம். அவருக்குப் பாதியில் மூச்சு வாங்கி இருமல் வந்துவிட்டது, ஊரே சிரித்தது. கடைசியில் கேஜ் கயிற்றில் ஆடிக்கொண்டே மேலே வந்தது. தசரதன் விளக்கைத் தூக்கினான். கூட்டத்தின் நடுவில் அவன் மனைவி கோமளா, பழக்க தோஷத்தில், எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டாள். அப்படி ஒரு கைதட்டல். அவள் முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த வருஷத்தில் இருந்து அவள் கை தூக்காமல் நாடகம் முடியாது என்று ஆகிவிட்டது.

அப்புறம் கதையைக் கேசட்டாகவும் போட்டோம், அதில் சங்கு நானே வாயால் ஊதியது. வயிற்று வலி வந்த கன்றுக்குட்டி கத்துவது போல இருக்கும். நீங்கள் கேட்டிருப்பீர்கள், சிரித்திருப்பீர்கள்.

இதைக் கவனியுங்கள். தாளில் அது வெறும் எழுத்து. மேடையில் இருமல். கேசட்டில் கன்றுக்குட்டி. மூன்றிலும் சங்கு பொய்ச் சங்குதான், கேட்டவர்களுக்கும் அது தெரியும். நான் இவ்வளவு நாள் தப்பித்ததற்கு என் சாமர்த்தியம் காரணம் இல்லை, எங்களிடம் வசதி இல்லாததுதான் காரணம். வசதி பாபு ரூபத்தில் வந்தது.

பாபு கேபிள் டிவி நடத்தினான். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மாடி அறை, நாலைந்து வீடியோ பெட்டி, பக்கத்துக் கோரமண்டல் குடியிருப்பு வரைக்கும் கம்பி. தொண்ணூறுகளின் நடுவில் லைன் வீடுகளிலும் டிவி வர ஆரம்பித்திருந்தது. உள்ளூர்ச் சேனலில் கல்தோளன் வாராவாரம் என்றான். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் படம் பிடித்தோம். தசரதன் ஷிஃப்ட் முடித்து வந்து அப்படியே போர்வையைக் கட்டிக்கொண்டு நடிப்பான். பாபுவுக்கு எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். மொட்டைமாடியில் டேப்ரிகார்டரை வைத்து ஷிஃப்ட் சங்கைப் பதிவு செய்துகொண்டு வந்தான். "அண்ணா, இது நீளமா கீதே, விபத்துச் சங்கு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டான். அவன் பங்காருப்பேட்டைக்காரன், பாவம், தெரியாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அச்சு அசலாக வந்தது. எனக்கே முதுகு சிலிர்த்தது, அதையும் நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாகத்தைச் சங்கோடு முடித்தேன். பாறை சரிகிறது, கல்தோளன் தோளைக் கொடுக்கிறான், இருட்டு, சங்கு, தொடரும். அக்கா சொன்னது மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. அது தாளுக்கான சட்டம், டிவிக்கு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் கதையைக் காட்டாமல் இருந்ததில் இருந்தே தெரிகிறதே, எனக்கு உள்ளே தெரியும் என்று.

சனிக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பு. தசரதன் பகல் ஷிஃப்டில் கீழே இருந்தான். அவன் நடிப்பதைப் பார்க்க அவன் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். நானும் பாபுவும் கேபிள் அறையில். சங்கு ஊதியது. லைன் வீடுகள் எப்படி என்றுதான் சொன்னேனே: ஒவ்வொரு வீட்டு டிவியில் இருந்தும் ஒரே நேரத்தில், திறந்த கதவு வழியாக, ஒரு லைன் முழுக்க. குழாயடியில் நின்றிருந்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? ஆழத்தில் பாறை வெடிக்கிற பெரிய ஏர் பிளாஸ்ட் என்றால் வீட்டுப் பாத்திரமே ஆடும். ஆனால் எல்லா விபத்தும் ஏர் பிளாஸ்ட் இல்லை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் ஓடினார்கள்.

அறையில் போன் அடித்தது. கீழே தெருவில் யாரோ "சாம்பியன் ரீப்ஸ்ல சங்கு" என்று கத்திக்கொண்டு சைக்கிளில் போனான். பாபு என் பக்கம் திரும்பினான். "அண்ணா, இது நம்ம சங்குன்னு எழுத்து போட்டு ஓட்டட்டுமா?" என்று கேட்டான். பையன் சரியாகத்தான் கேட்டான். நான் "முதல்ல எல்லாத்தயும் நிறுத்து" என்றேன். மொத்த ஒளிபரப்பையும் அணைத்தான். டிவியைத் திரும்பிப் பார்த்த ஒன்றிரண்டு பேருக்கும் திரை கறுத்துப்போய்விட்டது. அதற்கப்புறம் நிஜ விபத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நெருக்கடியில் முதலில் எதை அணைக்கத் தோன்றுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களை மறைத்துக்கொள்ள எது உதவுமோ அதைத்தான் அணைப்பீர்கள். நான் அணைத்தேன்.

பாபுவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்குப் போனேன். இரும்புச் சங்கிலிக்கு இந்தப் பக்கம் பெண்கள், வாசல் முழுக்க. ஒருத்தி பாதி பின்னிய தலையோடு, ஒருத்தி மாவுக் கையோடு. சத்தமே இல்லை. வாட்ச்மேன் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணும் ஆவல, சங்கே ஊதல, ஊட்டுக்குப் போங்கம்மா." யாரும் அசையவில்லை. நிஜமாக ஆகும்போதும் அப்படித்தானே சொல்வார்கள்.

நான் போனதே அது எங்கள் சங்கு என்று சொல்லத்தான். அந்தக் கூட்டத்தின் முதுகைப் பார்த்ததும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினேன். ஓரமாக நின்றேன். கோமளா என்னைப் பார்த்துவிட்டு விலக்கிக்கொண்டு வந்தாள். காலில் செருப்பு இல்லை.

"அண்ணா, டிவில ஊதிச்சே, அதுதானே இது? நீங்க எழுதினதுதானே? அதுல அவுரு தோளக் குடுக்கறாரு, உடனே ஊதுது. எனக்கு அப்பவே தோணிச்சி. எல்லாம் ஓடறாங்கன்னு நானும் வந்துட்டேன். சொல்லுங்கண்ணா, அதுதானே?"

அவள் கேட்டது ஆமாம் என்ற ஒரு வார்த்தை. அக்கம்பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் என் வாயைப் பார்த்தார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வசனம் எழுதியிருக்கிறேன். எழுதாமல் சொன்ன இந்த ஒரு வசனம் மாதிரி எதற்கும் கூசியதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சங்கிலி அருகில் போய் நின்றாள். நானும் நின்றேன், ஏதோ நானும் யாருக்காகவோ காத்திருப்பவன் போல. ஒரு கிழவி தண்ணீர்ச் செம்பை எனக்கு நீட்டினாள். "உன் ஆளு யாருப்பா கீழ?" என்று கேட்டாள். அந்தத் தண்ணீரைக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரஸ் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துச் சங்கிலி அருகே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்.

"சங்கு இவன் ஊதினதும்மா. டிவில. கீழ ஒண்ணும் ஆவல. எல்லாம் நல்லா கீறாங்க."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தண்ணீர் கொடுத்த கிழவி சிரித்தாள், சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து மாரைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஷிஃப்ட் முடிந்து கேஜ் வருகிற வரை நின்றார்கள். இவ்வளவு தூரம் ஓடி வந்துவிட்டு விளக்கைப் பார்க்காமல் போக அவர்களால் முடியவில்லை. தசரதன் மேலே வந்தான். வாசல் நிறைய ஜனத்தைப் பார்த்து அவன் முகம் மலர்ந்துவிட்டது. டிவியில் நடித்ததற்குத்தான் ஊரே வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டான். விளக்கைக் கழற்றி, நாடகத்தில் செய்வது போல, ஒருமுறைக்கு இரண்டுமுறை ஆட்டினான். கோமளா கையைத் தூக்கினாள். என் பக்கம் திரும்பவில்லை.

தொடர் அன்றோடு நின்றது. யாரும் தடை போடவில்லை, நாங்களே நிறுத்திவிட்டோம். காமிக்ஸையும் நிறுத்துகிறேன் என்றேன். அக்கா விடவில்லை.

"ஒரே ஒரு பக்கம் போட்டுடு. கேஜ் மேல வருது, விளக்கத் தூக்கறான். அதோட மூடிடலாம்."

"அந்தப் பேரையே எடுக்காதீங்க அக்கா. வெக்கமா இருக்குது."

"வெக்கம் உனக்குடா. கீழ மாட்டிகினு கீறது அவன்."

நான் வரையவில்லை. வெட்கப்படுவதே பெரிய தண்டனை, அதை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறேனே என்று ஒரு திமிர். தசரதன் வழியில் பார்த்தால் கேலி செய்வான்: "இன்னாண்ணா, என்னைக் கீழயே உட்டுட்டீங்களே, மேல ஏத்துங்க, பேஜாரா கீது." நானும் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவேன். ஊரும் கொஞ்ச நாளில் அதைச் சிரிப்பாக்கிக்கொண்டது. பையன்கள் வேண்டுமென்றே விட்டு விட்டு ஊதுவார்கள், "டிவி சங்கு, டிவி சங்கு" என்பார்கள். ஓடி வந்த பெண்களே ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். கோமளாவைத்தான் அதிகம், அவள் வீட்டுக்காரன் தொடர் இல்லையா.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் பகலில் சங்கு ஊதியது. விட்டு விட்டு.

ஏர் பிளாஸ்ட் இல்லை. பாத்திரம் ஆடவில்லை. கீழே ஒரு தளத்தில் மேற்கூரையில் இருந்து கல் பெயர்ந்து விழுந்திருந்தது. லைன் வீடுகளில் சிலர் ஓடினார்கள். பாதிப் பேர் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "டிவியா, நிஜமா?" என்று எதிர் வீட்டுக்காரி கேட்க, "பாபு பழைய கேசட்ட போட்டிருப்பான்" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கோமளா வீட்டுக்குள் போய் டிவியைப் போட்டாள். அவள் வாயால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனை மறுபடியும் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தாளாம். ஏதோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். பாட்டு முடிந்ததும் வருவான் என்று முன்னால் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாளாம்.

தசரதனை ஸ்ட்ரெச்சரில் வைத்து கேஜில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நினைவு இருந்தது. தோள் நொறுங்கிவிட்டது, கை தூக்க முடியவில்லை. கூட இருந்தவனிடம் தன் விளக்கைக் கழற்றித் தூக்கச் சொன்னான். அவன் தூக்கிக் காட்டினான். யாரும் கை தூக்கவில்லை. சரியாகத் தெரியவில்லை போல, இன்னும் உயரமாகக் காட்டு என்று தசரதன் சொன்னானாம். அவன் மறுபடியும் தூக்கினான்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது கோமளா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலேயே டிவி போட்ட கதையைச் சொன்னாள். "அன்னிக்கு டிவி சங்குன்னு எனக்குத் தோணினது சரியாத்தான் இருந்திச்சி. ஆனாலும் ஓடிட்டேன். அதனால இந்தத் தபா ஓடக் கூடாதுன்னு இருந்துட்டேன். தப்பு என்னிதுதாண்ணா." உன் தப்பு இல்லம்மா என்றேன். என் தப்பு என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. அவள் என் மேல் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளோ, என்னுடைய வெட்கத்தைத் தன்னுடையது என்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டாள். நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

தசரதன் பிழைத்தான். வலது கை தோளுக்கு மேல் போகாது. கீழே அனுப்ப முடியாது என்று மேலே விளக்கு அறையில் வேலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் சங்கு ஊதினாலும், ஷிஃப்ட் சங்காகவே இருந்தாலும், கோமளா ஷாஃப்ட் வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவன் மேலேயேதான் இருக்கிறான் என்று தெரிந்தும் வருவாள். அவளைப் பார்க்க நேரும் என்று நான் சாம்பியன் ரீப்ஸ் சாலையையே விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு அச்சகத்துக்குப் போவேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அந்த நாட்களில் ஊரே வாசலில்தான் இருந்தது, நானும் போனேன். கோமளா வந்து பேசினாள், நேற்றுத்தான் பார்த்தவள் போல.

"இனிமே சங்கு ஊதாதாம் அண்ணா."

"ஆமாம்மா."

"அப்பன்னா அந்தக் கதைய முடிச்சிடுங்க. அவரு இன்னும் அங்கியே கீறாரு. சும்மா நெனப்பு வந்துகினே கீது."

இந்தத் தடவை நழுவவில்லை. அன்றே உட்கார்ந்தேன். எத்தனை தாள் கிழித்தேன் என்று தெரியாது. ஒரே பக்கம், அக்கா சொன்னபடி: மேலே சங்கு, நடுவில் கேஜ், கீழே உயர்ந்த விளக்கு. கூட்டத்தில் முன்வரிசையில் கோமளாவை வரைந்தேன், கையைத் தூக்கியபடி. என் கைக்கு அவ்வளவு நன்றாக ஒரு முகம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. இதுதான் பிராயச்சித்தம் என்று நினைத்தேன். மையில் முடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தசரதன் இடது கையால் வாங்கிப் பார்த்தான். "என் தோளப் பாரேன், இன்னாமா போட்டுகீறாரு" என்று அவளிடம் நீட்டினான். கோமளா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சங்கைப் பார்த்தாள், கேஜைப் பார்த்தாள். அவள் விரல் கூட்டத்தின் மேல் வந்து நின்றது.

"இது நானா?"

"நீதாம்மா."

தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துடுங்க அண்ணா. நான் அங்க இல்ல."

"கதைதானேம்மா" என்றேன்.

"அவரு மேல வந்தாரு, அது நெசம். வெளக்கத் தூக்கினாங்க, அதுவும் நெசம். நான் ஊட்ல டிவி பாத்துகினு இருந்தேன்."

"இருக்கட்டும் உடு," என்றான் தசரதன். "போட்டுட்டாரு, இன்னாத்துக்கு அழிக்கறது."

"உனக்குத் தெரியாது. நீ தூக்கச் சொன்னப்ப யாரு கை தூக்கினா? சொல்லு பாக்கலாம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் வார்த்தை வந்தது எனக்கு. "என் தப்பும்மா," என்றேன். "அன்னிக்கு வாசல்ல நீ கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தெரியலன்னு சொன்னேன்."

கோமளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியமே இல்லை அந்த முகத்தில். "தெரியும்ணா" என்றாள். எழுந்து போய் அலமாரியில் இருந்து தசரதனின் ஷேவிங் பிளேடு ஒன்றை எடுத்து வந்து தாளின் மேல் வைத்தாள்.

மையில் போட்ட படத்தை அழிக்க முடியாது. பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சுரண்டினேன். முதலில் கை, பிறகு முகம். தாள் அந்த இடத்தில் மெலிந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது. ஊதித் துடைத்துவிட்டு, "அப்ப இவன் யாருக்கு விளக்கத் தூக்கறான்னு படிக்கறவங்க கேப்பாங்களேம்மா" என்றேன்.

"கேக்கட்டும்" என்றாள்.

அந்தப் பக்கம் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அச்சில் வரவே இல்லை, அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. கோமளாவிடம் கேட்டு ஒரு நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கல்தோளன் மேலே வந்துவிட்டான், அதில் சந்தேகம் வேண்டாம். கூட்டத்தின் முன்வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு வெள்ளை இடம் தெரியும். ஸ்கேன் கோளாறு என்று நினைத்து உங்களில் யாரும் அதைச் சரிசெய்துவிட வேண்டாம்.